ஹிட்லர் ஆயுதம் குவித்தபோது பிரிட்டன் ஏன் தாமதித்தது?

ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தும் ஜனநாயக நாடுகள் ஏன் போருக்குத் தயாராகத் தயங்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். 1930களின் பிரிட்டனைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்த பத்தாண்டுகளுக்குப் பெரிய போர் வராது என்று வைத்துக்கொண்டுதான் ராணுவச் செலவைக் கணக்கிட வேண்டும் என 1919-ல் அமைச்சரவை முடிவெடுத்தது. 1928-ல் இந்தப் பத்தாண்டு நாள்தோறும் புதிதாகத் தொடங்கும்படி மாற்றினார்கள். அதற்காக வாதாடியவர் அன்றைய நிதியமைச்சர் சர்ச்சில். ஆமாம், பின்னால் எச்சரிக்கை மணி அடித்த அதே சர்ச்சில்தான்! 1932-ல்தான் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

சரி, அதன் பிறகாவது வேகம் பிடித்ததா? இல்லை, ஓட்டு பயம். 1933 அக்டோபரில் லண்டனின் கிழக்கு ஃபுல்ஹாம் தொகுதி இடைத்தேர்தலில் ஆளும் தரப்பு தோற்றது. வீட்டுவசதி போன்ற உள்ளூர்ப் பிரச்சினைகளும் காரணம்தான். ஆனால் மக்கள் ஆயுதப் பெருக்கத்தை வெறுக்கிறார்கள் என்றே ஆளும் தரப்பின் முக்கியத் தலைவரான கன்சர்வேடிவ் கட்சியின் பால்ட்வின் புரிந்துகொண்டார். ஆயுதம் வேண்டும் என்று அப்போது மக்களிடம் போயிருந்தால் தேர்தலில் தோற்றிருப்போம் என்று 1936-ல் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்.

மக்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முதல் உலகப் போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்த நாடு அது. 1939-ல் கட்டாய ராணுவப் பயிற்சி வந்தபோதும் எதிர்க்கட்சியான தொழிற்கட்சி எதிர்த்தது.

ஆனால் ஓட்டுக் கேட்கத் தேவையில்லாத வேலைகள் ஓசையில்லாமல் நடந்தன. போர் தொடங்கும் முன்பே கடற்கரையில் ரேடார் நிலையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன.