கோழிகள் நலம், வீட்டில் மட்டும் இரத்தபேதி: காரணம் கோழிதானா?

கேள்வி: 300 முட்டைக்கோழிகளும் 2 பசுக்களும் வளர்க்கிறேன். போன வாரம் எனக்கும் 5 வயது மகளுக்கும் காய்ச்சல், வயிற்றைப் பிடுங்கும் வலி, இரத்தம் கலந்த பேதி. மலப் பரிசோதனையில் ‘கேம்பைலோபாக்டர்’ என்று வந்தது. கோழிகளோ நன்றாகத் தீனி எடுக்கின்றன, முட்டையும் குறையவில்லை. இது கோழியிலிருந்து வந்ததா? தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்து எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடட்டுமா?

பதில்: முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம், கலக்காதீர்கள்.

இந்தக் கேம்பைலோபாக்டர் கிருமி கோழியின் குடலுக்கு வந்துபோகும் விருந்தாளி அல்ல, குடித்தனக்காரர். கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். கேம்பைலோபாக்டர் செழித்து வளர்வதும் அந்த வெப்பத்தில்தான். அதனால் குடலில் ஏராளமாகப் பெருகினாலும் பெரும்பாலும் கோழிக்கு ஒன்றும் செய்வதில்லை. ஒரு கோழிக்கு வந்தால் எச்சம், தண்ணீர்த் தட்டு வழியாகச் சில நாட்களில் கொட்டகை முழுக்கப் பரவிவிடும். மருந்து கொடுத்து இன்று குறைத்தாலும் கொட்டகைத் தரையில் பரப்பிய அதே கூளத்திலிருந்து திரும்ப வரும். மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமியும் முட்டையில் மருந்து எச்சமும்தான். கோழிக்குத் தரும் என்ரோஃப்ளோக்சசினும் மனிதருக்குத் தரும் சிப்ரோஃப்ளோக்சசினும் ஒரே குடும்பத்து ஆன்டிபயாடிக்குகள்; ஒன்றுக்கு அடங்காத கிருமி மற்றதற்கும் அடங்காமல் போகலாம். இந்தக் கவலையால்தான் அமெரிக்கா 2005-இல் கோழிகளுக்கு என்ரோஃப்ளோக்சசின் தருவதை நிறுத்தியது.

கோழிதான் காரணமா என்றால், இருக்கலாம். ஆனால் பசுவையும் விட்டுவிட முடியாது. நலமான மாட்டின் சாணத்திலும் இது இருக்கும், கறக்கும்போது பாலில் கலக்கும். கிருமி உள்ளே போய் வழக்கமாக 2 முதல் 5 நாளில் நோய் தொடங்கும். பேதி தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். காய்ச்சாத பால் குடித்தீர்களா, கோழி அறுத்தீர்களா, மகள் கோழிகளோடு விளையாடிவிட்டு அப்படியே சாப்பிட்டாளா?

சுமார் 500 கிருமிகள் போனாலே நோய் வரும். பச்சைக் கறியின் நீர் ஒரு சொட்டில் அதைவிட அதிகம் இருக்கக்கூடும். கறியைக் குழாயடியில் அலசும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்துப் பாத்திரத்தில் விழுகின்றன. அதனால் அலசாமல் நேரே சட்டியில் போட்டு, உள்வரை வேகவிடுவது நல்லது. கறி நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்பு போட்டுக் கழுவாமல் காய்கறிக்கு எடுக்காதீர்கள். ஒரு ஆறுதல்: வெளியே 30 டிகிரிக்குக் கீழே இது பெருகாது, காய்ந்தாலும் சமையல் சூடு பட்டாலும் செத்துவிடும். கூளத்தைக் காய்ந்த நிலையில் வையுங்கள். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். பாலைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

சரி, உங்கள் உடம்புக்கு வருவோம். சிகிச்சையை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சிலவற்றை நீங்களும் தெரிந்துகொள்வது அவசியம். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஓஆர்எஸ் கரைசலே முக்கிய மருந்து. குழந்தைக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரத்தம் போகும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. நோய் கடுமையாக இருந்தால் மருத்துவர் அசித்ரோமைசின் போன்ற மருந்து தரக்கூடும். வலி சில சமயம் குடல்வால் அழற்சியைப் போலவே வலது அடிவயிற்றில் வரும், அதையும் அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ, முதியவரோ, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவரோ இருந்து அவர்களுக்குப் பேதி வந்தால் காத்திருக்காதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை பேதி நின்ற பிறகுதான். ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில், 1 முதல் 3 வாரம் கழித்து கில்லன்-பாரே என்ற நரம்புக் கோளாறு வரலாம். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் நம் நரம்புகளையே தாக்குவதால் வருவது இது. காலில் மதமதப்பு, பலவீனம், அது மேலே ஏறுவது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் தசை வரை போகக்கூடியது. ‘பேதியில் வந்த சோர்வு’ என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்கு மூட்டு வீங்கி வலிப்பதும் உண்டு.

அப்புறம், மகளுக்குப் பேதி நின்றாலும் இன்னும் 2, 3 வாரங்கள் மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கலாம். அதுவரை கழிப்பறை போய் வந்ததும் அவள் கையை நீங்களே சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.