கண்ட இடத்தில் ‘ஸீ’ போடாதீர்கள்

கேள்வி: பினாங்கில் ஒரு சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியைப் பழகுகிறேன். “எனக்குப் பசி” என்பதற்கு “வா ஸீ யாவ்” என்றேன், சிரித்தார்கள். மறுநாள் ஸீயை விட்டுவிட்டு, “இவர் முதலாளி” என்ற நினைப்பில் “இ தவுக்கே” என்றேன். அதற்கும் சிரிப்பு. எப்போது போடுவது, எப்போது விடுவது?

பதில்: ஸீ என்றால் ‘இருக்கிறது’ என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோளாறு அங்கேதான். ஸீ ஒரு கொக்கி. பெயரையும் பெயரையும் மாட்டுவது மட்டுமே அதன் வேலை. இ ஸீ தவுக்கே: அவர் முதலாளி. தமிழில் இரண்டு பெயரை அடுத்தடுத்து வைத்தாலே வாக்கியம் முடிந்துவிடும், அதனால் கொக்கியை விழுங்கிவிட்டீர்கள். வெறும் ‘இ தவுக்கே’ என்பது ‘அவருடைய முதலாளி’ என்று காதில் விழலாம். கேட்டவர் “சரி, முதலாளிக்கு என்ன?” என்று மீதிக்குக் காத்திருப்பார்.

வாயைத் திறக்குமுன் தமிழில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லப்போவது ‘யார், என்ன’ என்பதற்குப் பதிலா? ஸீ போடுங்கள். ‘எப்படி’ என்பதற்குப் பதிலா? போடாதீர்கள். பசி, விலை, அழகு, உயரம் எல்லாம் ‘எப்படி’யில் சேரும். அங்கே ‘மிகவும்’ என்ற பொருள் தரும் ‘சின்’ வரும்: வா சின் யாவ். ‘எங்கே’ என்பதற்குப் பதிலா? அதற்குச் சொல்லே வேறு, ‘தீ’. இ தீ ச்சு என்றால் அவர் வீட்டில் இருக்கிறார். நாள், வயது சொல்லும்போது ஸீ இல்லாமலே பேச்சு ஓடும். அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மறுக்கும்போது ‘ம்-ஸீ’. ம் என்பதை வாய் மூடி, தனி அசையாக ஒலிக்க வேண்டும். இ ம்-ஸீ தவுக்கே: அவர் முதலாளி அல்ல. ‘இல்லை’ என்பதற்குப் ‘போ’ என்ற வேறு சொல் உண்டு. ‘போர்டு’ என்பதில் வரும் போ. போ ஹோ என்றால் நன்றாக இல்லை. நம் பேச்சில் தேய்ந்துபோன அல்ல, இல்லை வேறுபாட்டை ஹொக்கியன் இன்னும் கறாராக வைத்திருக்கிறது. ‘போ ஸீ’ என்று சொல்லாதீர்கள். ஆனால் வாக்கியக் கடைசியில் ‘ஸீ போ?’ என்றால் ‘அப்படியா?’ என்ற கேள்வி, அது சரி.

ஒரே ஒரு விலக்கை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கடையில் தினமும் காதில் விழும். விலை கூட என்பதற்குக் ‘குயி’. ‘எப்படி’ வகைச் சொல்தான், ஸீ கூடாது. ஆனால் ‘குயி ஸீ குயி, தாபி சின் ஹோ’ என்பார்கள்: விலை கூடத்தான், ஆனால் ரொம்ப நல்லது. ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் ஸீ. இங்கே அது நம்முடைய ‘தான்’. ஒப்புக்கொள்வதுபோல ஒப்புக்கொண்டு, பின்னால் ‘ஆனால்’ போடும் பேச்சு. ‘ஆனால்’ வராவிட்டால் பேச்சு பாதியில் நிற்கும். உங்கள் பசிக்கும் இதே கதைதான். “உனக்கெங்கே பசி?” என்று ஒருவர் மறுக்கும்போது, ஸீயை அழுத்தி “வா ஸீ யாவ்!” என்றால் ‘பசிக்கத்தான் செய்கிறது’ என்று ஆகும். யாரும் மறுக்காதபோது அதையே நீங்கள் சொன்னதால் சிரித்தார்கள்.

‘ஏழே நாளில் ஹொக்கியன்’ என்று பணம் வாங்குகிறவர்களிடம் எச்சரிக்கை. பலர் சீனப் பொதுமொழியான மாண்டரின் பாடத்தை எடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி விற்கிறார்கள். மாண்டரினின் ‘பூ’ என்ற மறுப்பு ஹொக்கியன் ‘போ’வுக்கு ஒலியில் கிட்ட இருப்பதால், ‘போ ஸீ’ என்று அச்சடித்தும் கொடுப்பார்கள். பாடத்தை வாங்குமுன் ‘அவர் முதலாளி அல்ல’ என்பதை ஹொக்கியனில் சொல்லச் சொல்லுங்கள். ம் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இங்கே ஹொக்கியனைக் கேட்பாரில்லாமல் போனதால் வந்த வினை இது. தைவான் கல்வி அமைச்சு அங்குள்ள ஹொக்கியனுக்கு 2006இல் எழுத்துமுறையே அறிவித்தது. சிங்கப்பூரோ 1979இல் மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கி ஹொக்கியனை ஓரங்கட்டியது. பினாங்கில் தெருவெல்லாம் பேசுகிறார்கள், ஆனால் சீனப் பள்ளிகள் நடத்துவது மாண்டரினில். எழுதுவதோ ஆளுக்கொரு விதம்.

கடைசியாக, குரல். வாக்கியத்தின் நடுவே ஸீயைத் தாழ்ந்த குரலில், அழுத்தாமல் சொல்லுங்கள். குரல் மேலே போனால் அது ‘சாவு’ என்ற சொல்லாகிவிடும். முதலாளியை அறிமுகப்படுத்தும்போது அது வேண்டாம்.