தனி ஆவர்த்தனம் காபி நேரம் அல்ல

கேள்வி: சென்ற இதழில் தோல் வாத்தியங்களுக்கு அத்தனை பக்கங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். கச்சேரிக்குப் போகிறவர்கள் பாட்டுக் கேட்கத்தான் போகிறார்கள். தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டை நிறுத்திவிட்டுத் தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் பாதி அரங்கு எழுந்து காபி குடிக்கப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தத்தை ஐந்து நிமிடத்தோடு நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? இன்னொன்று: மிருதங்கத்தையும் பறையையும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று கலை, மற்றது சாவு வீட்டுக் கொட்டு.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கேள்வி இரண்டாக இருந்தாலும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். தோலில் அடித்து எழுப்புவது இசையில் ஒரு படி கீழே என்று நினைக்கிறீர்கள். அந்த எண்ணத்தோடு எனக்குப் பல வருடமாகச் சண்டை. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பாதி அரங்கு எழுந்து போகிறது, உண்மை. ஆனால் எழுந்து போகிறவர்களின் பழக்கத்தை வைத்து மேடையில் நடப்பதன் தரத்தை எப்படி அளக்க முடியும்? அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை, அதாவது நாலு சம துண்டு, வைத்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32. பத்து மாத்திரைச் சொற்கட்டு (கொட்டின் ஒலிச் சொற்கள் சேர்ந்த கோவை) ஒன்றை மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விட்டால் 32 ஆகிறது. சரியாக அடுத்த சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், வந்து நிற்கலாம். பாட்டு சமத்தில் எடுக்காமல் அரை இடம், அதாவது அரை எண்ணிக்கை, தள்ளி எடுக்கிறதா? கார்வையை இரண்டு மாத்திரை ஆக்கினால் 34. ஒன்றரை இடமா? கார்வை நாலு, மொத்தம் 38. சொற்கட்டு மாறவே இல்லை, மௌனத்தின் அளவு மட்டும் மாறியது, முழுக் கணக்கும் பாட்டின் எடுப்பில், அது தொடங்கும் இடத்தில், போய் உட்கார்ந்துவிட்டது.

இது கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கான கணக்கு. பெரியவர்கள் திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று மூன்று, ஐந்து, ஏழாக நடையை மாற்றிக்கொண்டு, கடக்காரரோடும், கஞ்சிரா என்னும் சின்னக் கைக்கொட்டு வாசிப்பவரோடும் குறைப்பு என்று மாறி மாறி வாசித்து, ஒரு ஆவர்த்தனம், அரை, கால் என்று சுருக்கிக்கொண்டே வந்து, மோரா என்னும் முடிப்புச் சொற்கட்டு வைத்து, கடைசிக் கணக்கான கோர்வையை மூன்று முறை வாசித்து முடிக்கிறார்கள். கையில் காகிதம் கிடையாது. பெரும்பாலும் ஒத்திகையும் கிடையாது. இன்று எந்தப் பாட்டுக்குத் தனி வரும் என்பதே பல மேடைகளில் அந்த நேரத்தில்தான் தெரியும். கோர்வை முடிகிற புள்ளியில் பாடகர் பல்லவி வரியை எடுக்கிறாரே, அந்த ஒரு நொடி எனக்குக் கச்சேரியின் உச்சம். வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்கள் அல்லவா? முதல் நஷ்டம் அவர்களுக்கு.

அப்புறம், 'சத்தம்' என்று எழுதியிருக்கிறீர்கள். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கு இந்தச் சத்தம் ஒரு பெரிய விஞ்ஞானக் கேள்வியாகத் தெரிந்தது. சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேல் அதிர்வுகள் அடிப்படை அதிர்வைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும். அதனால்தான் பல கொட்டுகளில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையோ வீணைத் தந்தியைப் போல 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளில் ஒலிக்கிறது. 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ராமன் இதை எழுதினார். 1934-ல், நோபல் பரிசு வாங்கி நாலு வருடம் கழித்து, மறுபடியும் இதே விஷயத்துக்கு வந்தார். தோலின் மேல் பொடி மணலைத் தூவி, தட்டும்போது மணல் போய் ஒதுங்கும் கோடுகளை வைத்து, ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் வந்து அடங்குவதைக் காட்டினார். காரணம் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டம். கரணை என்றும் சாதம் என்றும் சொல்வார்கள். கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகத் தடவி, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. எவ்வளவு ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு, வேலை செய்கிறவரின் காதுதான் அளவுகோல். இயற்பியல் வந்து விளக்கம் சொல்வதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே அந்தக் காதுகள் விடையைக் கண்டுபிடித்துவிட்டன.

அந்தக் காதுகள் யாருடையவை என்பதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமை ஆகாது. பலாமரக் கட்டையில் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் எருமைத் தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம். தோலைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, மூட்டு அடித்து, வார் பிடித்துத் தருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்கள். தஞ்சாவூர் பர்லாந்து செய்து தந்த மிருதங்கத்தில்தான் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் அந்த நாதம் பிறந்தது. மணி ஐயர் கடைசி வருடங்களில் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். தோல் பேசுகிறபடியே காதில் விழ வேண்டும் என்று ஒரு வித்வான் கேட்கிறார் என்றால், அந்தத் தோலைச் செய்த கையின் மேல் அவர் வைத்த நம்பிக்கை எவ்வளவு என்று யோசியுங்கள். சபாவின் மேடை வரைக்கும் தோல் வந்துவிடுகிறது. அதைச் செய்தவருக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று மிகச் சில சபாக்களுக்குத்தான் தோன்றியிருக்கிறது. இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வாசிப்பவர்களுக்கே என்ன மரியாதை கிடைத்தது? சென்னை மியூசிக் அகாதமி தொடங்கியது 1928-ல். ஒரு மிருதங்க வித்வானுக்கு அதன் உயரிய விருதான சங்கீத கலாநிதி கிடைக்க 1966 வரை ஆயிற்று. அவர்தான் மணி ஐயர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அது கிடைக்காமலே 1936-ல் காலமானார். மிருதங்கம் வாசித்த பழனி சுப்ரமணிய பிள்ளையும் அப்படியே 1962-ல். பழனி இடது கைக்காரர் என்பதற்காக அவர் மேடையில் எங்கே உட்காருவது என்பதே பிரச்சினையாக்கப்பட்டது. வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான் விஷயம். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் உறுதியாகப் பக்கத்தில் நின்றதால் அவர் மேலே வந்தார். பெண்கள் கதை இன்னும் கடினம். கட வித்வான் விக்கு விநாயக்ராமிடம் கற்ற சுகன்யா ராம்கோபால் கடத்தோடு மேடை ஏறியபோது, அவரோடு சேர்ந்து வாசிக்க மறுத்த ஆண் வித்வான்கள் இருந்தார்கள்.

சரி, பறைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த வரிதான்.

தொல்காப்பியம் ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று அடுக்கி, பறையையும் சேர்க்கிறது. யாழ் அதற்குப் பின்னால்தான் வருகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. நிலத்துக்கு ஒரு தெய்வம் எப்படியோ, நிலத்துக்கு ஒரு பறையும் அப்படி. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் இந்த நாலு பேரைத் தவிர வேறு குடியே இல்லை என்று புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடுகிறார். நாலு பேரில் துடியன், பறையன் இரண்டு பேரும் கொட்டுக்காரர்கள்.

உங்கள் பக்கம் நின்றும் ஒன்று சொல்லலாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழும் யாழின் வழியே தண்ணுமை என்னும் கொட்டும் நின்றதாக இளங்கோ சொல்கிறார். கொட்டு பின்னால்தான் வருகிறது. ஆனால் அதே காதை ஆடலாசான், இசையாசிரியன், புலவன் ஆகியோரின் தகுதிகளைச் சொன்ன கையோடு, தண்ணுமை ஆசிரியனுக்கும் தனியாக இடம் தந்து அவன் தகுதிகளைச் சொல்கிறது. குழலோனும் யாழாசிரியனும் அவனுக்கு அடுத்துத்தான். வழியே போவது வேறு, கீழே இருப்பது வேறு. இளங்கோவுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

பறை சாவுக்கு மட்டுமானது என்பது பறை அடிக்கும் யாரிடமும் கேட்காமல் சொல்லப்படுவது. சப்பரத்துக்கு ஒரு அடி, சாமி சாட்டுவதற்கு ஒரு அடி, மருள் வருவதற்கு ஒரு அடி, ஒத்தையடி, மாரடிக்கும் அடி என்று ஆசான்கள் பெயர் சொல்லிக் கற்றுத்தருகிறார்கள். வலது கையில் கட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய மூங்கில் சுண்டுகுச்சி. தோலைத் தீயில் காய்ச்சினால்தான் விறைப்பு ஏறும். ஈரக் காற்று அடித்தால் மறுபடி காய்ச்ச வேண்டும். ஆடிக்கொண்டே அடிக்க வேண்டும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். இதில் எது கலை இல்லை?

சாவு வீட்டில் அடி என்று ஒரு சாதியை மட்டும் கட்டாயப்படுத்தியது ஊர். கூலி கொடுக்காமலும் அடிக்க வைத்தது, மறுத்தவரை உதைத்தது. அந்த அவமானம் வேண்டாம் என்று பறையை மொத்தமாகக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதே பறையைக் கையில் எடுத்து மேடைக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுபோனவர்களும் உண்டு. இரண்டு முடிவுகளையும் நான் மதிக்கிறேன். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை அடிக்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரிடம் கற்றவர்கள் எல்லா சாதியிலும் இருக்கிறார்கள். குற்றம் ஊருடையது, அதைக் கருவியின் மேல் ஏற்றிச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே மிருதங்கத்தையும் பறையையும் அடுத்தடுத்து வைத்தது தெரிந்தே செய்தது. இரண்டும் தோல், இரண்டும் கணக்கு, இரண்டையும் செய்யத் தெரிந்த கைகள் பெரும்பாலும் ஊரின் ஒரே பக்கத்தில் வாழ்கின்றன. பக்கங்களைக் குறைக்கும் எண்ணம் இல்லை. அடுத்த இதழில் தவில் வருகிறது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிலிருந்து யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி வரைக்கும் எழுதுகிறோம். அதற்கடுத்து மானாமதுரைக் கடம். அவற்றைப் படித்த பிறகும் இதே கேள்வி உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், அப்போதும் பதில் சொல்வேன்.