வாய்க்குள்ளால் எக்கோ: அம்மாவிடம் கேட்க வேண்டியது

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இதயத்தின் மைட்ரல் வால்வு பழுதென்று அடுத்த மாதம் கொழும்பில் ஒபரேஷன். நெஞ்சின் மேல் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன்) பார்த்தது போதாதென்று, ஒபரேஷன் நேரம் வாய்க்குள்ளாலும் ஒரு எக்கோ குழாய் விடுவார்களாம். சோறு சிக்கினாலே அம்மா பயந்துவிடுவார். எப்படி விடுவார்கள்? தொண்டை கிழியாதா?
- வாசகி, திருக்கோவில்

பதில்: மகள், அந்த நேரம் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டு, மெஷினில் மூச்சு ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்தக் குழாயைக் கையிலேயே எடுப்பார்கள்.

உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால் போகிறது. எலும்போ நுரையீரலோ குறுக்கே நிற்காததால் வால்வு அவ்வளவு தெளிவாகத் தெரியும். வால்வைச் சரிசெய்து இதயம் திரும்பத் துடிக்கும்போதே கசிவு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நெஞ்சை மூடுவதற்கு முன்பே திருத்திவிடலாம்.

குழாய் சுமார் 1 மீற்றர் நீளம், நுனி ஒரு விரல் தடிப்பு. பல்லுக்கு நடுவில் கடிகாப்பு வைத்து, குழாய்க்கு ஜெல் பூசி, நுனியின் லொக்கைத் திறந்துவிட வேண்டும். லொக் போட்ட நுனி வளையாது, சதையைக் கிழிப்பது அதுதான். ஒரு கையால் தாடையை முன்னுக்குத் தூக்கி, மறு கையால் நாக்கின் நடுவழியே மெதுவாக இறக்கினால் பெரும்பாலும் தானாக வழுக்கிப் போகும். பல்லிலிருந்து 30 முதல் 40 சென்ரிமீற்றர் உள்ளே போனால் வால்வு தெரியும். சிலருக்குக் குரல்வளையின் இரு பக்கமும் உள்ள பள்ளத்தில் நுனி போய் முட்டும், அப்போது ஒருபோதும் தள்ளக்கூடாது. வெளியே இழுத்து, லரிங்கோஸ்கோப் என்ற தொண்டை பார்க்கும் கருவியை வைத்து வழியைக் கண்ணால் பார்த்து இறக்க வேண்டும். ஒபரேஷன் தியேட்டரில் நின்ற காலத்தில் நான் இதற்குத் தயங்கியதே இல்லை. பைபாஸுக்காக (இதயத்தின் வேலையை மெஷினுக்கு மாற்றுவதற்காக) இரத்தம் உறையாத மருந்து ஏற்றுவதற்கு முன்பே குழாயை இறக்கிவிடுவதும் நல்லது, இல்லாவிட்டால் சின்னக் கீறலும் கசிந்துகொண்டே இருக்கும்.

கிழிவது மிக அரிது. 7,200 இதய நோயாளிகளை வைத்து 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் உணவுக்குழாய் துளைபட்டது ஒருவருக்குத்தான்.

ஆனால் சோறு சிக்கும் என்று எழுதினீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அது வெறும் பயமா, உண்மையிலேயே நெஞ்சுக்குள் அடைக்கிறதா? அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள். மைட்ரல் வால்வு பழுதில் மேலறை பெருத்து உணவுக்குழாயை அழுத்துவதும் உண்டு, உணவுக்குழாயே சுருங்கியிருக்கவும் கூடும். அடைக்கிறது என்றால் மயக்கமருந்து வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், முதலில் எண்டொஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள். குழாய் விடவே முடியாதென்றாலும் ஒபரேஷன் நின்றுவிடாது, திறந்த நெஞ்சில் இதயத்தின் மேலேயே எக்கோ வைத்துப் பார்க்கலாம். ஈரல் வருத்தம், இரத்த வாந்தி, கழுத்து எலும்புத் தேய்வு, புற்றுநோய்க்கு நெஞ்சில் கரண்ட் (கதிர்) பிடித்தது எதையும் மறைக்க வேண்டாம்.

மறுகா, வெத்திலை. எங்கள் பக்கத்து அம்மாமாருக்குப் பாக்கும் புகையிலையும் போட்டுப் போட்டு வாய் இறுகிவிடுகிறது. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அம்மாவின் வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் அதையும், ஆடுகிற பல் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் தொண்டை நோவது வழமை. விழுங்கும்போது நெஞ்சிலோ கழுத்திலோ கடும் நோ, காய்ச்சல் என்றால் வார்டில் உடனே சொல்லிவிடுங்கள்.