பிடித்த வரியைத் திரும்ப வாங்க பாதிப் பங்கா?

கேள்வி: எஸ்டேட்டில் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெற்ற பெண்கள் பலர் எங்கள் மகளிர் குழுவில் இருக்கிறார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டிப் பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டார்கள். வட்டியில் வரி பிடித்துவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்கித் தர, பிரவுசிங் சென்டர்காரர் வருவதில் பாதி கேட்கிறார். பக்கத்துக் கல்லூரியின் வணிகவியல் மாணவர்களோடு சேர்ந்து நாங்களே இலவச முகாம் போடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாகப் போடுங்கள். பிடித்த வரியைத் திரும்பப் பெற ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கு, தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு ஒருவருக்கு உதவ லைசென்ஸ் எதுவும் வேண்டாம். வருமான வரித் துறையின் இணையதளத்திலும் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் வரித் துறையே ஊர் அமைப்புகளையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டு அரை நூற்றாண்டாக இந்த உதவியைச் செய்து வருகிறது. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. அதை மட்டும் நீங்களும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு லட்சம் டெபாசிட், ஏழு சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 56,000 ரூபாய். 60 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு வங்கியில் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினாலே பத்து சதவீதம், அதாவது 5,600 ரூபாய் பிடித்துவிடுவார்கள். பான் கொடுக்காவிட்டால் இருபது சதவீதம். ஆனால் 2025-26 கணக்கில் நான்கு லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. முழுப் பணமும் அந்த அம்மாவுடையது. இதில் பாதி கேட்பது அநியாயம்!

கணக்குப் போடுவது சின்ன வேலை. படுத்தப்போவது ஓ.டி.பி.தான். ஆதாரில் பழைய நம்பர் இருக்கும், அந்த சிம் எப்போதோ போயிருக்கும். அப்புறம் இந்த இனிஷியல் தொல்லை: வங்கியில் ஓர் எழுத்து, பானில் அப்பா பெயர் முழுசாக. பெயர் ஒத்துப்போகாவிட்டால் ரீஃபண்ட் வராது. அதனால் முகாமுக்குச் சில வாரங்கள் முன்பே ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்து, பச்சை இலை விற்பவர்களைத் தனியாக உட்கார வையுங்கள். அந்த வருமானத்துக்கு வரி இல்லைதான். ஆனால் அது வருடத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.டி.ஆர்.-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் ஆகாது, ஐ.டி.ஆர்.-2 படிவம் போட வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். ஓர் ஆடிட்டரை அரை நாள் வரச் சொல்லுங்கள்.

மெயில், மொபைல் இரண்டும் அவரவருடையதாகவே இருக்கட்டும். சென்டர்காரர்கள் சிலர் தங்கள் நம்பரைப் போட்டுவிடுவார்கள், நோட்டீஸ் வந்தாலும் உரியவருக்குத் தெரியாது. ரீஃபண்டைக் கூட்டிக் காட்ட இல்லாத வரிக் கழிவைச் (வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகையை) சேர்ப்பவர்களும் உண்டு. மாட்டுவது அந்த அம்மாதான். தாக்கல் செய்து 30 நாளுக்குள், ரிட்டர்ன் தன்னுடையதுதான் என்று ஓ.டி.பி. கொடுத்து உறுதிசெய்யும் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டும். முகாமிலேயே முடித்து அனுப்புங்கள்.

என்னைக் கேட்டால், ரிட்டர்ன் போடும் ஜூலை முகாமைவிட, வரியே பிடிக்காமல் தடுக்கும் ஏப்ரல் முகாம் முக்கியம். வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் கொடுக்கும் உறுதிமொழி, இதுவரை 15ஜி என்று வழங்கியது, வருடா வருடம் புதிதாகக் கொடுக்க வேண்டும். டெபாசிட் உள்ள ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாக. கிளை மேலாளரிடம் இப்போதே பேசி, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் உங்கள் குழுவுக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள்.