மறுமொழி: பூட்டிக் கிடக்கும் பழைய அலுவலகம், தளம் ஒழுகுகிறது

காரைக்குடிப் பக்கம் 3 வருடமாகப் பூட்டிக் கிடக்கும் அரசு அலுவலகத்தின் மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட பழைய பாணித் தளம்) ஒழுகுகிறது, மேலே சிமெண்ட் பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட தளம் வெயிலுக்கு அசைந்து கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் ஆவியாக வழியில்லாமல், சுவருக்குள் இருக்கும் தேக்குக் கட்டை நுனியை உளுத்துப்போக வைக்கும்.

முதலில் அந்த நுனிகளை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால், அடியில் முட்டுக் கொடுக்காமல் மாடிக்கு ஆளை ஏற்றாதீர்கள்.

மழைநீர்க் குழாய் வாயில் அடைத்த சருகை ஐப்பசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பல ஒழுகல் அதோடு நிற்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். ஒட்ட வெட்டி, ஈரம் காய்வதற்குள் களைக்கொல்லி தடவி, வேர் பட்டுப்போனபின் எடுங்கள். தளத்தின் மேல் பதித்த தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பெயர்ந்த இடுக்குக்கு 1 பங்கு ஊறிய சுண்ணாம்பு, 3 பங்கு மணல், பிசையக் கடுக்காய்த் தண்ணீர். (செட்டிநாட்டுக் கொத்தனாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, எஸ்டிமேட்டில் 'சுண்ணாம்பு' என்று எழுத வைப்பதுதான் பாடு.)

மின்சார மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வாரம் ஒருநாள் ஜன்னல்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பழைய பதிவேட்டுக் கட்டுகளைத் தரையில் விடாதீர்கள், கரையான் அங்கிருந்துதான் கதவு நிலைக்கு ஏறும்.