இறந்துபோன அப்பாவை அம்மா தேடினால் என்ன சொல்வது?

கேள்வி: அம்மாவுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய். அப்பா காலமானது நினைவில் இல்லாமல், "அவர் ஏன் இன்னும் வரலை?" என்று தினமும் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அழுகிறார். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: தினமும் உண்மையைச் சொல்ல வேண்டாம். புதிதாகக் கேட்டதைப் பதித்து வைக்கிற மூளைப் பகுதியைத்தான் இந்த நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. நேற்று நீங்கள் சொன்ன சேதி அவரிடம் இல்லை. இன்று சொன்னால், இன்றுதான் அவருக்குத் துக்கம். சேதி சீக்கிரம் மறந்துவிடும், கலக்கம் மட்டும் போகாது. ஏன் என்றே தெரியாமல் ராத்திரி வரை தவிப்பார்.

பொய்யும் வேண்டாம். "இதோ வந்துடுவார்" என்றால் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். டிவியை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா? அவர் உன்னை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுங்கள். பதில் வர நேரமாகும். அதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டால் முதல் கேள்வியும் கைநழுவிவிடும். "இப்பத்தானே சொன்னேன்" என்ற பேச்சு மட்டும் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது.

அப்புறம், இழந்த ஞாபகத்தை மீட்டுத் தருகிறோம் என்று பொடியும் மாத்திரையும் விற்பவர்களிடம் தயவுசெய்து பணத்தைக் கொட்டாதீர்கள். மருத்துவர்கள் இந்த நோய்க்குத் தரும் டோனெபெசில் போன்ற மருந்துகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், அவ்வளவுதான். போன ஞாபகத்தைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை கிடையாது. மனநோய்க்கான சில மாத்திரைகளை "அமைதியா இருப்பாங்க" என்று எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அவை உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. சீட்டு எழுதிக் கொடுக்க இருக்கிற நேரம், நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று குடும்பத்துக்குச் சொல்லித்தர மட்டும் யாருக்கும் இருப்பதில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்னதெல்லாம் மெல்ல மெல்ல வந்த மறதிக்கு. நேற்று வரை பேசியவர் இன்று திடீரென உளறினால், இல்லாத ஆளைக் கண்டால், எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து தூங்கினால், "நோய் முற்றிவிட்டது" என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றியது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, சொல்லத் தெரியாத வலி, எதுவாகவும் இருக்கலாம். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். "வயசானா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், "நேற்று இப்படி இல்லை, இன்றைக்குத்தான்" என்று விடாமல் சொல்லுங்கள்.